அந்நியர் நடமாட்டம்

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரியிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். முழங்கால் வலியோடு பதினெட்டுப் படி ஏறி வந்திருக்கிறார் என்றால் நல்ல செய்தியாக இருக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கையில் ஒரு டப்பா தேங்காய் பன் வேறு.

"ஏனுங்க கோதை, வீட்ட வெலைக்குக் குடுத்தாச்சு. பையன் கேக்க மாட்டேங்கறான். ஏப்ரல் கடைசி வரைக்கும் இருந்துக்கங்க."

"வாங்கறவங்க வாடகைக்கு விடுவாங்களாக்கா?"

"இடிச்சுட்டு ஒரே வீடா கட்டறாங்களாம். லிஃப்ட் வெச்சு. கீழ நாலு கார் நிக்கறாப்புல."

இப்போது இந்த இடத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா சாந்தாமணி அக்கா, பின்பக்கம் மின்வாரியக்காரர் குடும்பம், மேலே நானும் என் கணவரும். பதினோரு வருடம் ஆகிறது.

இவர் ஆறரைக்கு வந்தார். சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நடக்கற தூரத்துல பாரு கோதை. மத்தது எப்படி இருந்தாலும் சரி."

பன் சாப்பிட்டோம். கொஞ்சம் காய்ந்திருந்தது.

மார்ச் 5, புதன்

எங்கள் செண்பகா நகரில் ஐந்து வீதிகள். ஐந்திலும் நடந்து பார்த்தேன். 'வாடகைக்கு' என்று ஒரே ஒரு பலகை. அதுவும் கல்யாண மண்டபம்.

மார்ச் 9, ஞாயிறு

புரோக்கர் மருதாசலம் தன் ஸ்கூட்டரை மெதுவாக உருட்ட, நாங்கள் பின்னால் நடந்தோம். முதல் வீட்டுக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"நடக்கற தூரம்னு சொன்னீங்களே" என்றேன்.

"நடந்துதானுங்கக்கா வந்தோம்?"

இவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணபதி பகுதியில் இருக்கும் அச்சகத்தில் இவர் மெய்ப்புத் திருத்துபவர். வீட்டிலிருந்து ஒன்பது நிமிட நடை. இவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டாலும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை வரும். வண்டி ஓட்டக் கூடாது. அந்த ஒன்பது நிமிடத்தை மட்டும் இவர் தனியாகப் போய்வருகிறார் என்பதால்தான் என்னால் நிம்மதியாக வேலைக்குப் போக முடிகிறது.

முதல் வருடம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தார். இஸ்திரி போடும் துளசி பதறிப்போய்த் தன் வீட்டுச் சாவியை இவர் கையில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் இன்னொரு சாவியோடு ஓடி வந்தார். யாரோ ஒருவர் ஸ்கூட்டர் சாவி. நான் போய்ச் சேர்ந்தபோது இவர் உள்ளங்கையில் ரத்தம். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: சாவி வேண்டாம், இரும்பு எதுவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், அவ்வளவுதான். இப்போது அந்த வழியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஜனவரியில் விழுந்தபோது துளசி ஒரு மடித்த வேட்டியைத் தலைக்குக் கொடுத்து, கூட்டத்தை விலக்கி, பிறகு எனக்குப் போன் செய்தாள். "அண்ணன் எந்திரிச்சுட்டாருங்கக்கா. டீ குடிக்கறாரு. மெதுவா வாங்க."

இதையெல்லாம் மருதாசலத்திடம் எப்படிச் சொல்வது? "பஸ் ஸ்டாப் பக்கந்தானுங்க" என்கிறார் அவர், ஒவ்வொரு வீட்டுக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நான்கு வீடுகள் பார்த்தோம். நான்கும் மூன்று படுக்கையறை. ஒன்றில் பணியாளர் தங்க வேறு அறை. வாடகை என் சம்பளத்தை முழுதாக விழுங்கிவிட்டு இவர் சம்பளத்திலும் கை வைக்கும்.

"ரெண்டு பேருக்கு எதுக்குங்க இத்தனை ரூம்? சின்னதா ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

மருதாசலம் வண்டியை நிறுத்தினார். "சின்ன வீடுன்னு இந்தப் பக்கம் எங்கீங்கக்கா இருக்குது? இருக்கறவங்க எல்லாம் இடிச்சுப் பெருசாக் கட்டறாங்க. அந்தப் பழைய மில் கோடவுன் இருக்குதுங்களே, அதுல முப்பத்திரண்டு வீடு வர்றதா இருந்துச்சு. எல்லாம் ஒத்தை பெட்ரூம். உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே போட்ட பிளானு. யாரோ மனு எழுதிக் கெடுத்துப் போட்டாங்க."

"அப்படியா" என்றேன்.

இவர் எதிர்ப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் பிழை தேடுவார்.

வெயில் அதிகம். திரும்பும்போது இளநீர் குடித்தோம்.

மார்ச் 19, புதன்

கோதுமை மாவு அரைக்கக் கொடுத்தேன். பரணிலிருந்து காகிதங்களை இறக்கித் தரம் பிரித்தேன். பச்சை நிறக் கோப்பை மட்டும் பிரிக்காமல் திரும்ப மேலே வைத்துவிட்டேன். அதில் முக்கியமாக ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஜீவா லேஅவுட்டில் ஒரு மாடி வீடு காலி. அச்சகத்துக்கு இருபது நிமிடம், நடக்கலாம். ஒரே படுக்கையறை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர், அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் மனைவி மோர் கொடுத்தார். எல்லாம் பேசி முடிந்து, முன்பணம் எவ்வளவு என்று கேட்கும் நேரத்தில் இவர் தன் வலிப்பைப் பற்றிச் சொன்னார். எந்த வீட்டிலும் சொல்லிவிடுவார். நான் தடுப்பதில்லை. தடுக்கத் தோன்றியிருக்கிறது.

பொறியாளர் மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "மாடிப்படி கொஞ்சம் செங்குத்துங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா எங்களுக்குத்தானுங்க சங்கடம்."

"நான் படியில கைப்பிடியப் புடிச்சுட்டுத்தான் ஏறுவேனுங்க."

"அதில்லீங்க. இங்க எல்லாமே ரொம்ப வருஷமா இருக்கற குடும்பங்க. யாரு என்னன்னு தெரிஞ்சுதான் விடறது. பக்கத்துல அடுக்குமாடி வர்றதாக்கூட இருந்துச்சு. நாங்க விடலையே." எழுந்து போய் அதை எதிர்த்துக் கொடுத்த மனுவின் நகலை எடுத்து வந்து இவரிடம் நீட்டினார். "அச்சகத்துல இருக்கறீங்க, படிச்சுப் பாருங்க. எப்படி எழுதியிருக்குதுன்னு."

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். தொழில் பழக்கம்.

"'மேற்படி கட்டடம் அமையுமாயின் அந்நியர் நடமாட்டம் பெருகி, இதுகாறும் அமைதியுடன் வாழ்ந்துவரும் குடும்பங்களின் நிம்மதி குலையும். தெருமுனையிலுள்ள செண்பக விநாயகர் கோயிலுக்கு வரும் பெண்களும் முதியோரும் பெரும் இன்னலுக்கு உள்ளாவர்.'"

நிறுத்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இங்க விநாயகர் கோயில் எங்கீங்க இருக்குது?"

"இங்கெங்க இருக்குது. மாரியம்மன் கோயில்தான், ரெண்டு வீதி தள்ளி." பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாட்ஸப்புல வந்ததுங்க. பேரை மட்டும் மாத்திப் போட்டோம். இது விட்டுப்போச்சாட்ட இருக்குது. ஆனாலும் வேலை நடந்துருச்சு."

"நல்ல தமிழ்" என்றார் இவர்.

வீடு வரைக்கும் இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். இருபத்தொன்பது நிமிடம்.

மார்ச் 24, திங்கள்

அந்த மனுவை நான்தான் எழுதினேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகதீசன், மில் கோடவுன் வீடுகளுக்கு எதிராக மனு எழுதித் தரச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். எட்டு வருடம் அதே வீதியில் இருந்தும் சங்கத்தைச் சேர்ந்த யாரும் அந்தப் படி ஏறியதில்லை. உட்கார்ந்து காபி குடித்தார். "மேடம், நீங்க நூலகர். உங்க தமிழுக்கு ஆபீஸர் அசந்துறணும்" என்றார். அன்று இரவுச் சமையலைக்கூட ஒதுக்கிவிட்டு எழுதினேன். தண்ணீர், சாக்கடை, வண்டி நிறுத்தம் என்று அவர் குறித்துக் கொடுத்தவை வெறும் குறிப்புகளாக இருந்தன. அந்நியர் நடமாட்டம் என்பது என் சொந்தச் சேர்க்கை. எழுதியதும் எனக்கே பிடித்துப்போன வரி அது.

யார் அந்த அந்நியர் என்று நான் யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு சிறிய வீடுகளுக்கு யார் குடிவருவார்கள்? இரண்டு பேர் உள்ள குடும்பம். நடந்து வேலைக்குப் போகிறவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள்.

இவரிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். இரண்டு ஒற்றுகள் போட்டார். பிறகு, "யாராவது வந்தா என்ன கோதை?" என்று கேட்டார். நான், "நீங்க பிழையை மட்டும் பாருங்க" என்றேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் மனுவைப் படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். கையெழுத்துப் போட வரிசையில் நின்றேன். என் முறை வந்து பேனாவைத் திறந்ததும் ஜெகதீசன், "ஓனருங்க மட்டும் போட்டாப் போதும் மேடம்" என்றார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் இவர் கேட்டதற்கு, கூட்டத்தில் மறந்துவிட்டது என்று சொன்னேன்.

இன்று வரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு பார்க்கப் போகவில்லை. தலைவலி என்றேன். இவர் தானே ரசம் வைத்தார். புளி அதிகம்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெகதீசன் மறுபடி வந்திருந்தார். கோடவுன் இடத்துக்காரர்கள் புதுத் திட்டம் கொடுத்திருக்கிறார்களாம். நாற்பது வீடுகள், கீழே கடைகள், கார் நிறுத்தக் குறைவான இடம். ஆட்சேபணை சொல்லப் பதினைந்து நாள் அவகாசம்.

"கார் இல்லாத ஆளுங்களாப் பாத்துக் கூட்டிட்டு வர்றாங்களாம் மேடம். எப்படி இருக்கும் பாருங்க. நீங்க ஒண்ணும் புதுசா எழுத வேண்டாம். அதே மனுவுல தேதியை மாத்திக் குடுங்க."

"நாங்க இந்த மாசத்தோட காலி பண்றோம் சார்."

"அடடா." உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல வாடகைக்காரங்க. சத்தமே தெரியாது."

பிறகு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்தர்றீங்களா?" என்றார்.

கொடுக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூட்டம் விநாயகர் கோயில் முன்னால் பந்தல் போட்டு நடந்தது. நாற்பது நாற்காலிகள் இருக்கும், பாதி நிறைந்திருந்தது. நான் எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள்.

படித்தேன். பழைய மனுவை எழுதியவள் நான் என்றும், அதில் அந்நியர் என்று சொன்னது தவறு என்றும், மேற்படி வீடுகள் வந்தால் இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கேயே நடக்கும் தூரத்தில் குடியிருக்க முடியும் என்றும் எழுதியிருந்தேன். மூன்றாவது வரியிலேயே ஜெகதீசன் எழுந்துவிட்டார்.

"மேடம், தப்பான பேப்பரை எடுத்துட்டு வந்துட்டீங்களாட்ட."

"இல்லீங்க சார். இதுதான்."

மீதியையும் படித்து முடித்தேன். பிறகு மூன்றாம் வீதி விஜயராணி அக்கா, "ஏனுங்க கோதை, உங்களுக்கு வீடு கெடைக்கலைன்னா அதுக்கு எங்க தலையிலயா நாப்பது வீட்டைக் கொண்டு வந்து வெப்பீங்க?" என்றார்.

"எனக்குன்னு கேக்கலீங்கக்கா. அது கட்டி முடிய மூணு வருஷம் ஆகும்."

"அப்பறம் எதுக்குப் பேசறீங்க? போறவங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?"

தாளை மடித்துக்கொண்டேன். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஏதாவது சொல்வார் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பந்தலுக்கு வெளியே இஸ்திரி வண்டியிலிருந்து துளசி குரல் கொடுத்தாள். "அந்த நாப்பதுல எனக்கொண்ணு தள்ளி வெய்யுங்க சார். தெனமும் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துதான் உங்க சட்டையத் தேய்க்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நகைச்சுவைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூட்டத்தில் படித்த மனுவைப் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். ஒரே கையெழுத்து: ம. பூங்கோதை, வாடகைதாரர். இவர் பிழை பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். பிறகு முகவரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். "இது மட்டும் இந்த மாசத்தோட தப்பாயிரும்."

ஏப்ரல் 20, ஞாயிறு

கோவில்பாளையம் தாண்டி ஒரு வீடு. புதுசு, காற்று நன்றாக வருகிறது, வாடகை கட்டுப்படி ஆகிறது. அச்சகத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். முன்பணம் கொடுத்துவிட்டோம்.

பஸ் ஸ்டாப் பக்கந்தானுங்க.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாமான் ஏற்றிவிட்டுச் சாவியைச் சாந்தாமணி அக்காவிடம் கொடுத்தேன். இடிக்கப்போகும் வீட்டுக்குச் சாவி எதற்கு என்று தெரியவில்லை, இருந்தாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

துளசி கூலி வாங்காமல் நான்கு சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"அங்க அண்ணன் விழுந்தா யாருங்கக்கா பாப்பாங்க?"

"சொல்லி வெக்கணும்."

"எத்தனை பேருக்குன்னு சொல்லுவீங்க? பஸ்ஸுல தெனம் தெனம் வேற ஆளு."

அதைத்தான் நானும் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது சத்தமாகச் சொன்னால்தான் கோபம் வருகிறது.

மே 9, வெள்ளி

தினமும் காலையில் இவரோடு பஸ்ஸில் போய் அச்சகத்தில் விட்டுவிட்டு, வேறு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறேன். மாலையில் திரும்ப அச்சகம். விடுமுறைக் காலம் என்பதால் முதல்வர் தாமதத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஜூனில் கண்டுகொள்வார்.

மே 17, சனி

இன்று சண்டை. அச்சக வாசலில் இவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிச் சரிபார்த்தேன். உடன் வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"நான் வேலைக்குப் போறனா, இல்ல எல்கேஜிக்குக் கொண்டாந்து விடறயா?"

"விழுந்தா யாருக்குத் தெரியுங்க?"

"யாருக்கும் தெரியாது. எனக்குந்தான் தெரியாது. நான்தான் அந்நேரம் இருக்க மாட்டனே. உனக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

பதினோரு வருடம் தனியாக நடந்தவர். நான் நிம்மதியாக இருந்ததை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறேன். இவருக்கு அந்த ஒன்பது நிமிடம் என்னவாக இருந்தது என்று கேட்டதே இல்லை.

ஜூன் இரண்டிலிருந்து தனியாகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

மே 28, புதன்

செண்பகா நகர் முகவரிக்குப் போய்ச் சுற்றி வந்த கடிதம். இரண்டு வரி. மனுதாரர் தற்போது மேற்படி பகுதியில் வசிப்பவராக இல்லாததால் மனுவைப் பரிசீலிக்க இயலவில்லை. இவர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். பிழை எதுவும் இல்லையாம்.

பச்சைக் கோப்பில் பழைய மனுவுக்குப் பக்கத்தில் செருகினேன்.

ஜூன் 2, திங்கள்

இவர் ஏழே முக்காலுக்குக் கிளம்பினார். நான் பாத்திரம் கழுவுவதுபோல் நின்றிருந்தேன். கதவு சாத்தியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். மெயின் ரோட்டுப் பூக்கடையில் ஒரு செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டு மறைவாக நின்றேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் இவர் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"புதுசாக் குடிவந்திருக்கீங்களாட்ட?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆமாங்க. அந்நியர் நடமாட்டம்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குச் சிரித்தார்.

"எனக்கு வலிப்பு வருமுங்க" என்றார் இவர், டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லும் அதே குரலில். "இங்க நிக்கறப்ப விழுந்தாலும் விழுவேன். பயந்துக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்குத் துணி குடுத்துட்டுத் தள்ளி நின்னாப் போதும். அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு டீ கேப்பேன்."

"சாவி கீவி ஏதாச்சும் கையில…"

"சாவி வேண்டாங்க. எந்த இரும்பும் வேண்டாம்."

"சரிங்கண்ணா. அப்பறம் யாருக்குங்க சொல்லிவிடறது?"

"அதா, அந்தப் பூக்கடைக்குப் பின்னால நேத்துப் பேப்பரைப் படிச்சுட்டு நிக்குதே, அந்தம்மாகிட்டச் சொன்னாப் போதும்."

தேதியைப் பார்த்தேன். நேற்றைய தாள்தான். பூ கட்ட வைத்திருந்தது.

பஸ் வந்தது. இவர் கம்பியைப் பிடித்து ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. நானும் ஏறியிருக்கலாம். படியில் இடம் இருந்தது. ஏறவில்லை. நிறுத்தத்துக்கு ஒருவர் என்று வைத்தாலும் கணபதி வரை எத்தனை பேரிடம் இவர் இதைச் சொல்ல வேண்டும் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

"அக்கா, டீ போடட்டுங்களா?" என்று கூப்பிட்டார் மாஸ்டர்.

போய் நின்றேன். கல்லாப் பெட்டிமேல் அவருடைய வண்டிச் சாவி கிடந்தது. அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகுதான் டீயை ஆற்றினார்.